அறுபத்து நாலு சுழி

மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். தென்னஞ்சேரி கீழத்தெருவில் மச்சு வைத்த வீடு ஒன்றுகூடக் கிடையாது. ஆகையால் பனி வேறு வழியில்லாமல் ஆட்களின் முதுகைத் துளைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பனியிலேயே உளுந்து பிடுங்கியாக வேண்டும். செடியில் ஈரம் இருக்கும்போது பிடுங்கினால்தான் நெற்று கையோடு வரும். வெயில் ஏறிவிட்டால் படபடவென்று வெடித்துப் பாதி உளுந்து எலிக்கும் காடைக்கும் விருந்தாகிவிடும்.

அம்சம் பன்னிரண்டு பெண்களை வரிசை கட்டிவிட்டுத் தானும் குனிந்திருந்தாள். நடவோ, களையெடுப்போ, உளுந்து பிடுங்குவதோ, அந்த ஊரில் பெண்ணாள் கூட்டுகிறவள் அவள்தான். அவள் குரல் எழும்பினால் புத்தாற்றுக்கு அந்தக் கரையில் மேய்கிற மாடு திரும்பிப் பார்க்கும் என்று ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் மிகைதான். கன்றுக்குட்டி திரும்பிப் பார்க்கும்.

வரப்பின் மேல் தர்மாம்பாள் வந்துகொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு ஆக்குகிறவள் அவள். கோதுமை ரவையைக் கிண்டுகிற நேரம் போக மிச்ச நேரத்தில் ஊரைக் கிண்டுகிறவள். அடுப்புப் பற்ற வைக்க வேண்டிய நேரத்தில் அவள் வயலுக்கு வருகிறாள் என்றால், கையில் இருக்கிற சேதி ரவையைவிடச் சீக்கிரம் வேகக்கூடியது என்று அர்த்தம்.

"ஏ அம்சம்! செத்த கரையேறி வாடி."

"அங்கேருந்தே சொல்லுக்கா. வெயிலு வந்துரும்."

"அங்கேருந்து சொல்ற சேதி இல்லடி."

அவ்வளவுதான். பன்னிரண்டு முதுகும் ஒன்றாக நிமிர்ந்தன. தர்மாம்பாளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

"பள்ளிக்கூடத்துல சீட்டு ஒட்டியிருக்காங்க. எட்டாம் வகுப்புப் பரிச்சைக்கு யாரு யாரு உக்காரக் கூடாதுன்னு. வருசத்துக்கு எரநூறு நாளு பள்ளிக்கூடம்னா நூத்தம்பது நாளாச்சும் வந்துருக்கணுமாம். வராதது ரெண்டே பேரு. ஒண்ணு காத்தமுத்து மவன். அவன்தான் ஆவணியிலயே மெட்ராசுக்கு ஓடிட்டான். இன்னொண்ணு…"

"சொல்லித் தொலைக்கா."

"உன் மவ ராசம்மா. எழுவத்தி மூணு நாளு வரலையாம்."

அம்சம் கையிலிருந்த செடிக்கட்டைக் கீழே போட்டாள். நாலைந்து நெற்று வெடித்தது. "எழுவத்தி மூணா? தெனம் தலை சீவி, ரிப்பன் கட்டி, தெருக்கோடி மட்டும் பாத்துட்டுதானே வயலுக்கு வர்றேன்! நடவுக்கு அஞ்சு நாளு நின்னா. கார்த்திகையில ஆத்துல வெள்ளம் வந்து ரெண்டு நாளு. காய்ச்சல்ல ரெண்டு நாளு. ஒம்போது. மிச்சம் அறுவத்தி நாலு நாளு எங்க போனா?"

"அதான, எங்க போவுது அது?" என்றாள் வரிசையில் ஒருத்தி. கேட்டவள் பெயர் வேண்டாம். பதிமூன்று வயதுப் பெண்ணைப் பற்றி அந்தக் கேள்வியை அந்த இழுப்போடு கேட்டதற்காகப் பிற்பாடு அவளே வருத்தப்பட்டாள். ஆனால் அந்த நேரத்தில் பன்னிரண்டு மனசிலும் அதே இழுப்புதான்.

"பள்ளிக்கூடத்துக்குத்தான் வருது," என்று தர்மாம்பாள் அடித்துச் சொன்னாள். "தெனம் என் கையாலதான் உப்புமா வாங்கித் திங்கிது. ரெண்டாந்தரம்னு தட்ட நீட்டாத ஒரே புள்ள அதான். எனக்கே ஒண்ணும் புரியல, அதான் ஓடியாந்தேன்."

அம்சம் சேலையை உதறிச் செருகிக்கொண்டு மறுபடி குனிந்தாள். குனிந்தாளே தவிரக் கை ஓடவில்லை. ராசம்மாள் எட்டு தாண்டினால் நன்னிலம் உயர்நிலைப் பள்ளி. அங்கே பெண்பிள்ளைகளுக்கு விடுதி இருக்கிறது. அதைத் தாண்டினால் டீச்சர் ட்ரெய்னிங். இதை அம்சம் யாரிடமும் சொன்னதில்லை. அதனால் தெருவில் எல்லோருக்கும் தெரியும். எட்டு தாண்டாவிட்டால் ஆடியில் குறுவைக் களை, ஐப்பசியில் சம்பா நடவு என்று அம்மா பின்னாலேயே சேற்றில் இறங்க வேண்டியதுதான். பரீட்சைக்கு இன்னும் நாற்பத்திரண்டு நாள்தான் பள்ளிக்கூடம். அத்தனை நாளும் போனாலும் நூற்றைம்பது தேறாது.

*

சாயங்காலம் ராசம்மாள் புத்தகப் பையை ஆணியில் மாட்டுவதற்குள் விசாரணை ஆரம்பமாகிவிட்டது. தர்மாம்பாளும் வந்திருந்தாள். அடுப்பு மூட்ட நெருப்பு வாங்க வந்ததாகச் சொன்னாள். வாங்கிய நெருப்பு கொட்டாங்கச்சியிலேயே நீறு பூத்தது, ஆள் நகரவில்லை.

"பள்ளிக்கூடம் போனியா, போவலியா?"

"போனேன்."

"போனா ஏன்டி போவலன்னு எழுதியிருக்கு?"

பெண் ரிப்பன் நுனியைச் சுருட்டினாள்.

"எங்க வகுப்பு வாத்தியாரு தலைய நிமுந்து பாக்க மாட்டாரும்மா. பேரு கூப்புடுவாரு. 'உள்ளேன் ஐயா'ன்னு சொன்னா கோடு போடுவாரு. சொல்லலைன்னா சுழி போட்டுருவாரு. நான் சொல்ல மாட்டேன்."

போன வருஷம் வரைக்கும் 'பிரசண்ட் சார்' என்று இருந்ததுதான். ஊர் முழுக்கத் தமிழ் பெருகிய காலம். பள்ளிக்கூடத்திலும் பெருகி 'உள்ளேன் ஐயா' ஆகியிருந்தது.

"ஏன் சொல்ல மாட்டே? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நான் சொல்றதுக்குள்ள பசங்க சொல்லிடுவானுங்க."

"என்னான்னு?"

அந்த நேரம் பார்த்து வீரையன் உள்ளே வந்தான். வாய்க்கால் வற்றி மடு கட்டியிருந்த இடத்தில் கை விட்டுப் பிடித்த கெளுத்தி, ஓலைக் கொட்டானில் துள்ளிக்கொண்டிருந்தது. ராசம்மாள் அப்பனை ஒரு பார்வை பார்த்தாள், அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். "ஒண்ணும் இல்ல" என்றாள்.

அம்சம் கொட்டானை வாங்கிக்கொண்டு, "வாடி, மீனு உரசலாம்" என்று மகளைக் கொல்லைக்குக் கூட்டிப்போனாள். சாம்பலைத் தொட்டு மீனைக் கல்லில் உரசியபடியே பெண் சொன்னாள். நிமிராமல், கல்லுக்குச் சொல்வதுபோல.

"நடவு முடிஞ்சி போனேன்ல, அன்னிக்கி வாத்தியாரு 'ராசம்மாள்'னாரு. எனக்கு எப்புடி வந்துச்சின்னே தெரியலம்மா. 'உள்ளேன் ஆண்டே'ன்னுட்டேன்."

அம்சத்தின் கையில் கெளுத்தி முள் ஏறியது. அவள் உதறக்கூட இல்லை.

"எல்லாம் சிரிச்சிச்சு. அதுலேருந்து என் பேரக் கூப்புட்டா, பெரிய பண்ணை மவன் செல்லதுரை பின்னாடிலேருந்து 'உள்ளேன் ஆண்டே'ன்னு இழுப்பான். கூட நாலு பேரு. வெளியிலயும் அதான் என் பேரு. 'ஆண்டே வருது, வழி வுடு'ம்பானுங்க."

"வாத்தியாருகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா வூட்டுக்குச் சேதி வரும். அப்பா, 'இத எங்க கத்துக்கிட்டே'ன்னு கேக்கும். நான் என்னா சொல்லட்டும்?"

மீன் உரசும் சத்தம் நின்றுவிட்டது.

அந்தச் சொல்லுக்கும் வீரையனுக்கும் உள்ள வழக்கு ஊரறிந்தது. கீழத்தெருவார் பண்ணையார்களை மூன்று தலைமுறையாக 'ஆண்டே' என்றுதான் கூப்பிட்டு வந்தார்கள். தொட்டில் குழந்தையானாலும் 'சின்னாண்டே'. ஆறு வருஷத்துக்கு முன் செங்கொடிச் சங்கம் வந்து, அந்த வார்த்தை இனிமேல் கிடையாது என்று தீர்மானம் போட்டது. முதல் ஆளாக அதை வாயிலிருந்து இறக்கி வைத்தவன் வீரையன். அதற்குக் கிடைத்த பரிசு அவன் நெற்றியில் புளியங்கொட்டை அளவுக்கு இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு சாமியைக்கூட அவன் 'ஆண்டவா' என்று கூப்பிடுவதில்லை. 'ஐயனாரே' என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான்.

அம்சம் கதை வேறு. வயல் வேலைக்கு வெளியூர் ஆளை லாரியில் கொண்டுவந்து இறக்கிவிடுவோம் என்று பண்ணைகள் மிரட்டிக்கொண்டிருந்த காலம். பெரிய பண்ணை வைத்தியலிங்கம் நடவுக் காலையில் குடையோடு வரப்பில் வந்து நிற்பார். "ஆளெல்லாம் இருக்கா?" என்பார். இருபத்தைந்து பெண்களும் குனிந்த தலை நிமிராமல், "இருக்கோம் ஆண்டே!" என்பார்கள். முதல் குரல் அம்சத்தினுடையது. வீரையன் காதில் விழாத தூரம். லாரி ஊருக்குள் வராது. வார்த்தைதானே, சேற்றோடு போகட்டும் என்று வைத்திருந்தாள். போன ஐப்பசியில் ஆள் குறைந்ததால் மகளை ஐந்து நாள் வரிசையில் நிறுத்தினாள். ஐந்து நாளும் பெண் பக்கத்திலேயே நின்று, கூட்டத்தோடு சேர்ந்து சொன்னாள். ஆறாம் நாள் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டதும் நாக்கு வயலிலேயே நின்றுவிட்டது.

அம்மாவைக் காட்டிக்கொடுக்காமல் இருக்க அறுபத்து நாலு சுழி வாங்கியிருக்கிறது அந்தப் பெண்.

*

சோற்றில் குழம்பை ஊற்றினாள். வீரையன் இரண்டு கவளம் உள்ளே அனுப்பிய பிறகு அம்சம் ஆரம்பித்தாள். ஒன்றையும் மறைக்கவில்லை. கொல்லைப்படலில் சாய்ந்திருந்த தர்மாம்பாளுக்கும் கேட்கட்டும் என்றே சொன்னதுபோல் இருந்தது. எப்படியும் கேட்கத்தான் போகிறது.

வீரையன் மென்றான். முள்ளை ஒதுக்கினான். நெற்றித் தழும்பைத் தடவினான். அது கெட்ட சகுனம் என்று அம்சத்துக்குத் தெரியும்.

"ஆறு வருசம்," என்றான் கடைசியில். "ஆறு வருசமா வயல்ல சொல்லிக்கிட்டிருக்கே."

"சொன்னேன். லாரிய நிறுத்தணும்ல?"

"எனக்குத் தெரியாம."

"ஆமா, தெரியாமதான். என்னா மொறைக்கிறீங்க? நன்னிலம் மாநாட்டுல மேடை ஏறி, 'தோழர் ஆண்டே அவர்களே'ன்னு ஆரம்பிச்சது யாரு? நானா?"

வீரையன் கையிலிருந்த கவளம் நின்றது. "அது… உனக்கு யாரு சொன்னது?"

"மைக்கு சொல்லிச்சு. நாலு கொழாயில."

"யாரும் கவனிக்கலன்னு…"

"தெருவே ஆறு வருசமா சிரிச்சிக்கிட்டிருக்கு. ஒங்க காதுல படாம சிரிக்கிறதுதான் எங்களுக்கு வேல."

கொல்லைப்படலுக்கு அந்தப் பக்கம் யாரோ புரையேறி இருமுகிற சத்தம் கேட்டது. அதைக் கேட்டதும் ராசம்மாளுக்கு அடக்க முடியவில்லை. வாயில் சோற்றோடு சிரித்தாள். ஐப்பசிக்குப் பிறகு அந்த வீட்டில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான். வீரையன் மகளை முறைக்கப் பார்த்தான். முறைப்பு பாதியிலேயே உடைந்துவிட்டது.

"அப்பறம் மேடையில என்னாப்பா பண்ணுனே?"

"என்னா பண்றது? மறுபடி வாயத் தொறந்தா அதே வந்துருமோன்னு பயம். தோழரும் வேணாம், அதுவும் வேணாம்னுட்டு, வெறுமன, 'வந்துருக்கேன், பேசறேன்'னேன். கை தட்டுனாங்க." தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "சிரிச்சாங்களான்னு தெரியல. தட்டுனாங்க."

பிறகு மனைவியிடம், "நாளைக்கி நீ போ. நான் வந்தா சண்டையாயிரும். நீ போனா…" என்று நிறுத்தினான்.

"நான் போனா?"

"அதுவும் சண்டைதான். ஆனா நீ செயிச்சிருவே."

*

தென்னஞ்சேரி நடுநிலைப்பள்ளியின் தலைமையாசிரியர் அறைச் சுவரில் பச்சை வண்ணத்தில் ஒழுங்கு விதிகள் பத்து எழுதியிருக்கும். மூன்றாவது விதி, வருகை எழுபத்தைந்து விழுக்காடு. ஏழாவது விதி, பிற மாணவரைப் பட்டப்பெயர் சொல்லியோ வேறு வகையிலோ கேலி செய்தால் ஏழு நாள் விலக்கம். தலைமையாசிரியர் இராஜாங்கத்துக்கே 'கோணக் குடை' என்று பட்டப்பெயர் உண்டு. ஏழாம் விதி அவர் எழுதியதுதான். ஒரு தடவைகூட அமல்படுத்தியதில்லை. அமல்படுத்த ஆரம்பித்தால் பள்ளிக்கூடத்தில் தானும் தர்மாம்பாளும்தான் மிஞ்சுவோம் என்று அவருக்குத் தெரியும். தர்மாம்பாளும் சந்தேகம்தான்.

வகுப்பு வாத்தியார் குஞ்சிதபாதம் ரிஜிஸ்தரை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். கண்ணாடி சோடாப்புட்டி அடி மாதிரி இருந்தது.

"எம்மவ வகுப்புல இருந்தாளா, இல்லியா சார்? அத மட்டும் சொல்லுங்க," என்றாள் அம்சம்.

"உக்காந்திருந்தாம்மா. ஆனா வரலை."

"அதெப்புடி சார்?"

"கூப்பிட்டா குரல் வரணும். குரல் வந்தாத்தான் ஆள் வந்ததா கணக்கு. மூஞ்சியப் பாத்துக் கோடு போட்டா முகதாட்சண்யம் வந்துரும். இருவது வருஷமா இப்படித்தான். 'வாயத் திற, இல்லைன்னா சுழிதான்'னு நாலு தடவை சொன்னேன். இப்ப வந்து அடிச்சுத் திருத்துன்னா முடியுமா? சாட்சி வேணும்."

"பின்னாடிலேருந்து ஒரு புள்ள தெனம் கத்துச்சே, அது காதுல விழுந்துச்சா?"

"சத்தம் வரும். 'யார்றா அது'ம்பேன். ஒருத்தனும் சொல்ல மாட்டான்."

தர்மாம்பாள் கையில் கரண்டியோடு வாசற்படியில் நின்றாள். எதற்கு வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. "நல்ல ஊருப்பா இது," என்றாள் கூரையைப் பார்த்து. "தாலுக்காபீசு ரிஜிஸ்தருல, உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்துகிட்டு இல்லாத ஆளையெல்லாம் இருக்குன்னு எழுதி நெலம் வெச்சிருக்காங்க. பள்ளிக்கூடத்து ரிஜிஸ்தருல இருக்கற புள்ளைய இல்லன்னு…"

பேச்சு பாதியில் நின்றது. பின்னால் பெரிய பண்ணை வைத்தியலிங்கம் வந்து நின்றுகொண்டிருந்தார். மகன் பெயர் அடிபடுகிறது என்று இராஜாங்கம் ஆள் அனுப்பியிருந்தார். செல்லதுரை பெயரில் ஒன்பது மா நிலம் எழுதி வைத்திருந்தார் அவர். ஒரு ரிஜிஸ்தரில் எட்டாம் வகுப்பு, இன்னொன்றில் மிராசுதார். தர்மாம்பாள் கரண்டியை முந்தானையில் மறைத்துக்கொண்டாள்; பேசியதை எதில் மறைப்பது என்று தெரியவில்லை.

வைத்தியலிங்கம் அதைக் கேட்காததுபோல் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார். "என்னா அம்சம், உளுந்து பிடுங்கியாச்சா?"

"பாதி கெடக்கு." அந்த வாக்கியத்தின் கடைசியில் வழக்கமாக ஒட்டிக்கொள்கிற சொல் இன்று ஒட்டவில்லை. அவள் வேண்டுமென்றே விட்டாளா, நாக்கு பயந்து விட்டதா என்று சொல்வதற்கில்லை.

செல்லதுரையைக் கூப்பிட்டார்கள். பதினாலு வயது, உதட்டுக்கு மேல் பூனைமயிர். மொத்தத்தில் அவனும் நாற்பத்து நாலு நாள் பள்ளிக்கு வந்ததில்லை. நன்னிலம் டென்ட் கொட்டகையில் படம் மாறுகிற நாட்களையும் அவன் வராத நாட்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் பொருந்தும். ஐம்பது நாள்வரை விடலாம். ஆகவே அவன் கையிருப்பு ஆறு நாள்.

இராஜாங்கம் ஏழாவது விதியைப் பார்த்தார். கையிருப்பு ஆறைப் பார்த்தார். நெற்றி வியர்த்துவிட்டது. பையன் ஒப்புக்கொண்டால் ஏழு நாள் விலக்கம், அவனும் பரீட்சை எழுத முடியாது. ஒப்புக்கொள்ளாவிட்டால் அந்தப் பெண் எழுத முடியாது.

"நீ கத்துனியாடா?"

செல்லதுரை அப்பாவைப் பார்த்தான். "இல்லீங்க ஐயா."

"சரி. அப்ப ஒண்ணும்…" என்று இராஜாங்கம் மூச்சு விட்டார்.

"நான் ஒண்ணு கேக்கலாங்களா, தம்பிகிட்ட?" என்றாள் அம்சம். 'சின்னாண்டே' என்று பழகிய ஊரில் 'தம்பி' கேட்டுச் செல்லதுரை நிமிர்ந்தான். "ஏந்தம்பி, தையில பொங்கல் கழிச்சி, எம்மவ ரெண்டு நாளு காய்ச்சல்ல கெடந்தா. அந்த ரெண்டு நாளும் கத்துனீங்களே, அது என்னாத்துக்கு? புள்ள காய்ச்சல்ல கெடக்கையிலகூடக் கேலியான்னு எனக்கு மனசே ஆறல."

"அன்னிக்கிக் கத்தவே இல்லை!" என்றான் செல்லதுரை, பொய்ப் பழி தாங்காத ரோஷத்தோடு. "அதுதான் வரவே இல்லியே! இல்லாதப்ப யாரப் பாத்துக் கத்துறது?"

குஞ்சிதபாதம் ரிஜிஸ்தரை மார்பிலிருந்து மெல்ல இறக்கினார். வாசற்படியில் கரண்டி கீழே விழுந்தது.

"சார்," என்றாள் அம்சம், "சாட்சி கேட்டீங்களே."

சொன்னது என்ன என்று செல்லதுரைக்கு அப்புறம்தான் உறைத்தது. காது சிவந்துவிட்டது. "நான் வந்த அன்னிக்கெல்லாம் கத்துனேன்," என்றான் தரையைப் பார்த்து. "அது ஒரு நாளு கூட வராம இருந்ததில்ல. காய்ச்சலுக்கும் வெள்ளத்துக்கும் தவிர." யாரும் கேட்காமலே சேர்த்துக்கொண்டான்: "நல்லாத்தான் படிக்கும் அது. கணக்குல என்னைய விட நல்லா."

குஞ்சிதபாதம் ரிஜிஸ்தரை மேஜையில் விரித்து, முதல் தடவையாகத் தலை நிமிர்ந்து பையனைப் பார்த்துவிட்டு, இரண்டு பெயர்களின் வரிசையிலும் விரலை வைத்துக்கொண்டே போனார். நடவு, வெள்ளம், காய்ச்சல் நாட்கள் போக, செல்லதுரை வந்திருந்து ராசம்மாளுக்குச் சுழி விழுந்த நாட்கள் நாற்பத்தாறு. "இதெல்லாம் கோடு ஆயிட்டாலே போதும். பரீட்சைக்குத் தேறிடுவா."

"விலக்கம்?" என்றார் இராஜாங்கம், யாரைப் பார்த்துக் கேட்கிறோம் என்று தெரியாமல்.

வைத்தியலிங்கம் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். லாரியை வரவழைக்கிற குரலை இத்தனை வருஷம் கேட்டிருக்கிறாள் அம்சம். இந்தக் குரலைக் கேட்டதில்லை. "நீயே சொல்லு அம்சம். ஏழு நாளு நிறுத்துனா அவனுக்கு வருஷம் போயிரும்."

பதில் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன் அவரைக் கூப்பிட வேண்டும். பழைய சொல் நாக்கு வரைக்கும் வந்து நின்றது, அதை விழுங்கினாள். 'ஐயா' என்பது வாத்தியாருக்குப் போய்விட்டது. பெயர் சொல்ல நாக்கு எழவில்லை. பள்ளிக்கூடத்தில் நிற்கிறோம், இவர் ஒரு பையனுக்கு அப்பா, நான் ஒரு பெண்ணுக்கு அம்மா என்று மட்டும் தோன்றியது. வாய் திறந்துவிட்டது.

"செல்லதொர அப்பா…"

வைத்தியலிங்கம் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அந்த ஊரில் அவரை அப்படிக் கூப்பிடுகிறவள் ஒருத்திதான். அவள் அவர் வீட்டு அடுக்களையில் இருக்கிறாள். இராஜாங்கம் இருமினார். குஞ்சிதபாதம் மறுபடி ரிஜிஸ்தருக்குள் போய்விட்டார். தர்மாம்பாள் கரண்டியை எடுக்கக் குனிந்தவள் நிமிரவே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது.

அம்சத்துக்கு முகமெல்லாம் வெந்துபோயிற்று. ஆனாலும் சொன்னது சொன்னதுதான் என்று நின்றாள். "செல்லதொர அப்பா, ஒங்க புள்ளையும் எழுதட்டும். எம்புள்ளையும் எழுதட்டும். ஒரு வருசம் போவுறது என்னான்னு எனக்குத் தெரியும். இனிமே அந்த வார்த்தைய தம்பி சொல்லக் கூடாது. எம்மவளப் பாத்து மட்டும் இல்ல, யாரப் பாத்தும்."

வைத்தியலிங்கம் கொஞ்ச நேரம் குடைப்பிடியைத் திருகினார். "சொல்ல மாட்டான்," என்றார்.

விதியை மீறியதாகவும் இருக்கக் கூடாது, அமல்படுத்தியதாகவும் இருக்கக் கூடாது என்று இராஜாங்கம் யோசித்து ஒரு தீர்ப்பு எழுதினார். செல்லதுரைக்கு ஏழு நாள் விலக்கம் உண்டு. அது கோடை விடுமுறையில் அமலுக்கு வரும். அந்த ஏழு நாளும் அவன் பள்ளிக்கூட வளாகத்துக்குள் கால் வைக்கக் கூடாது. இதைவிட நியாயமான தீர்ப்பு நன்னிலம் கோர்ட்டில்கூட வந்ததில்லை என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். சிரிக்காமல் சொல்வார்கள்.

படியிறங்கும்போது வைத்தியலிங்கம் திரும்பினார். "குறுவைக்கு ஆள் இருக்கீங்கல்ல?"

"இருக்கோம்."

அவர் அந்தச் சொல்லின் வாலுக்காக இன்னும் ஒரு நொடி நின்றார். வரவில்லை. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

'செல்லதொர அப்பா' விஷயம் அம்சம் வீடு சேருவதற்கு முன்னாலேயே தெருவுக்குள் போய்விட்டது. வீரையன் வாசலில் நின்று வரவேற்றான். "வாங்க," என்றான். "நானாச்சும் தோழருன்னு ஒண்ணு சேத்துக்கிட்டேன்."

"வாய மூடுங்க," என்றாள் அம்சம். அதற்குப் பிறகு மூன்று நாள் அவன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். மூன்று நாளும் அவள் குழம்பில் உப்பைக் கூட்டிப் போட்டாள். இரண்டும் நிற்கவில்லை.

*

திங்கட்கிழமை பிடுங்கியது பள்ளிக்கூடத்துப் பின்வயல் உளுந்து. எட்டாம் வகுப்புக் கீற்றுக்கொட்டகைக்கும் வயலுக்கும் நடுவே ஒரு பூவரச வேலிதான். அந்த வயலை வியாழக்கிழமை பிடுங்குவதாக இருந்தது. அம்சம் முறையை மாற்றிவிட்டாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. பன்னிரண்டு பேரும் வேலியோரமாகவே குனிந்திருந்தார்கள். வயலின் மற்ற மூன்று பக்கமும் உளுந்தே விளையாததுபோல.

மணி அடித்தது. குஞ்சிதபாதத்தின் குரல் ஆரம்பித்தது. ஆண்பிள்ளைகள் முதலில். ஐம்பத்தெட்டுப் பெயர். ஒவ்வொன்றுக்கும் 'உள்ளேன் ஐயா'. ஒரே மாதிரி, தவளைக் கச்சேரி மாதிரி. செல்லதுரை பெயர் வந்தது. "உள்ளேன் ஐயா," என்று அடங்கின குரல்.

பெண்பிள்ளைகள் பெயர் வந்தது. அம்சம் ஒரு செடியைப் பிடித்தபடி இருந்தாள், பிடுங்கவில்லை.

"ராசம்மாள்."

கொட்டகை அமைதியாக இருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. பெண்ணிடமிருந்தும் வரவில்லை. பழைய சொல் அவள் நாக்கில் எங்கே நிற்கிறதென்று அம்சத்துக்குத் தெரிந்தது. தன் நாக்கில் நின்ற அதே இடம்தான்.

"சொல்லுடி," என்றாள் அம்சம் செடியிடம்.

"ராசம்மாள்," என்றார் குஞ்சிதபாதம் மறுபடி. இருபது வருஷத்தில் ஒரு பெயரை அவர் இரண்டு தடவை கூப்பிட்டது இதுதான் முதல்.

"உள்ளேன்."

அவ்வளவுதான். பின்னால் ஒன்றும் இல்லை. அப்பன் மேடையில் நின்றதுபோல வெறும் சொல். அதுவும் வேண்டாம், இதுவும் வேண்டாம் என்று.

குஞ்சிதபாதம் காத்திருந்தார். 'ஐயா' வரும் என்று காத்திருந்தார் போலும். வேலிக்கு இந்தப் பக்கம் பன்னிரண்டு பெண்களும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சுவரில் பச்சை வண்ணத்தில் உள்ள பத்து விதிகளையும் அவர் மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். 'ஐயா' சொல்லாவிட்டால் சுழி என்று அதில் எங்கும் இல்லை.

"வள்ளியம்மை," என்று அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

அம்சம் செடியை வேரோடு பிடுங்கினாள்.